சுவிட்ச் போட்டதும் ஃப்யூஸ் போகிறதா? லீனியர் ஆம்ப் பற்றி வாசகர் கேள்விகள்

ஹாம் ரேடியோ பற்றி வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் லீனியர் ஆம்ப்ளிஃபயர் (ரேடியோவின் சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பெட்டி) பற்றியவை. அதிலும் பெரும்பாலானோர் கேட்பது சுவிட்ச் போட்ட முதல் சில நொடிகளில் வரும் கோளாறுகளைத்தான். எனவே இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கடிதத்திலாவது "எந்த நொடியில் நின்றது" என்ற விவரம் இல்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். சுவிட்ச் போட்ட கணத்திலா, ஒரு நொடி கழித்து ரிலே 'டிக்' என்ற பிறகா, மூன்று நிமிடம் கழித்து ஹை வோல்டேஜ் வந்த பிறகா என்று தெரிந்தாலே ஆம்ப்பின் முக்கால் பகுதியைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

கேள்வி: ஆம்ப்பை ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்கிவிட்டால் உள்ளே கை வைக்கலாமா? ப்ளீடர் ரெசிஸ்டர்கள் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தைத் தானாக வடித்துவிடும் என்று படித்தேன்.

கூடாது. ப்ளீடர் நல்ல நிலையில் இருந்தால் வடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் திறந்து பார்ப்பதே ஏதோ ஒன்று கெட்டுப்போயிருப்பதால்தானே, அது ப்ளீடராக இருக்காது என்று எப்படி நம்புவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 220 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் எட்டு வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 100 கிலோ ஓம் ப்ளீடர். மொத்தம் 27.5 மைக்ரோஃபாரட், 800 கிலோ ஓம். 3000 வோல்ட் ஏறியிருந்தால் உள்ளே தேங்கி நிற்பது சுமார் 124 ஜூல், ஆளைக் கொல்லப் போதும். எல்லா ப்ளீடரும் சரியாக இருந்தால் 3000 வோல்ட் 50 வோல்ட்டுக்கு இறங்க ஒன்றரை நிமிடம் ஆகும். அதில் ஒரே ஒரு ப்ளீடர் ஓப்பன் ஆகியிருந்தால் மற்ற ஏழு கெப்பாசிட்டரும் வடிந்துவிடும், அந்த ஒன்று மட்டும் 400 வோல்ட் பக்கம் தாங்கிக்கொண்டு நிற்கும். முன்பக்க மீட்டரின் ஸ்கேல் 4000 வோல்ட் என்றால் முள் அடியில் லேசாகத் தூக்கியிருக்கும், அவ்வளவுதான். அவசரத்தில் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்வோம்.

எனவே பிளக்கைப் பிடுங்குங்கள், சில நிமிடம் காத்திருங்கள், மீட்டர் முழுக்க இறங்குவதைப் பாருங்கள். அப்புறம் நீண்ட இன்சுலேட்டட் கைப்பிடி வைத்த எர்த் கொக்கியை எடுத்து, அதன் வயரை முதலில் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில்) இறுக்கமாக மாட்டிவிட்டுத்தான் ஹை வோல்டேஜ் முனையைத் தொட வேண்டும். முதல் தொடுதல் சில நூறு ஓம் உள்ள பெரிய வாட் ரெசிஸ்டர் வழியாக இருக்கட்டும், இரண்டாவது நேரடியாக. எடுத்த எடுப்பில் நேரடியாக ஷார்ட் செய்தால் வெடிச் சத்தத்தோடு டயோடுகளையும் மீட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வேலை முடியும் வரை கொக்கி அங்கேயே மாட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கேயும் தனித்தனியாக மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் மொத்த வரிசையின் இரு முனைகளை ஷார்ட் செய்தாலும் ப்ளீடர் போன கெப்பாசிட்டர் உடனே காலியாகாது.

சாதாரண மல்டிமீட்டர் 600 அல்லது 1000 வோல்ட்டுக்குத்தான் தாங்கும். 3000 வோல்ட்டில் அதை வைத்தால் மீட்டரும் போகும், பிடித்திருக்கும் கையும் ஆபத்தில். ஹை வோல்டேஜை அளக்க ஆம்ப்பின் சொந்த மீட்டரையோ 1000-க்கு 1 ஹை வோல்டேஜ் ப்ரோபையோ பயன்படுத்துங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று முதலிலேயே காட்டி வையுங்கள்.

கேள்வி: 3-500இசட் டியூப் (வெற்றிடக் குழாய்) இரண்டு போட்ட ஆம்ப். சுவிட்ச் போட்ட உடனே ஃப்யூஸ் போகிறது. டியூப் மாற்றிப் பார்த்தேன், அடுத்த அளவு ஃப்யூஸும் போட்டுப் பார்த்தேன், அதுவும் போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பெரிய ஃப்யூஸ் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஃப்யூஸ் போகாமல் நின்றால் அதற்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மர் எரியும், அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் ஆம்ப்பிலேயே கிடைப்பதற்கு மிகக் கஷ்டமான பொருள். பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் அளவு, ஸ்லோ ப்ளோ என்று எழுதியிருந்தால் ஸ்லோ ப்ளோ, அதைத் தவிர வேறெதுவும் அங்கே போகக் கூடாது.

போன ஃப்யூஸைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி உள்பக்கம் கருத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் முழு ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் தொய்ந்து அறுந்து, கண்ணாடி சுத்தமாக இருந்தால் கொஞ்சம் அதிகமான கரன்ட் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

அடுத்து ஒரு 100 வாட் இழை பல்பை மெயின்ஸ் லைனில் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். பழைய டங்ஸ்டன் பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃப்யூஸ் தப்பிக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் தப்பிக்கும். எல்லாம் சரி என்றால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர்கள் ஏறியதும் மங்கிவிடும். ஆனால் இரண்டு டியூபையும் முதலில் கழற்றிவிட வேண்டும். 3-500இசட் ஒவ்வொன்றின் ஃபிலமெண்ட்டும் (சூடேறும் இழை) 5 வோல்ட்டில் 14.5 ஆம்பியர் எடுக்கும், இரண்டுக்கும் சேர்த்து 145 வாட், அந்தச் சுமைக்கே பல்பு பிரகாசமாக எரிந்து உங்களைக் குழப்பிவிடும்.

டியூப் இல்லாமல் பல்பு மங்கினால் சந்தேகம் டியூப் பக்கம் போகிறது. நீங்கள் மாற்றிப்போட்ட டியூப் நல்லது என்று எப்படித் தெரியும் என்பதையும் யோசியுங்கள். பல்பு தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால், ஆஃப் செய்து, வடித்து, டிரான்ஸ்ஃபார்மரின் ஹை வோல்டேஜ் செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) வயர்களை ரெக்டிஃபயரிலிருந்து (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) கழற்றி, முனைகளை நன்றாக இன்சுலேட் செய்து தனியாக ஒதுக்கிவிட்டு மறுபடி போடுங்கள். பல்பு தொடரில் இருந்தாலும் அந்த முனைகளில் உயிரை எடுக்கும் ஏசி இருக்கும், மறந்துவிடாதீர்கள். இப்போதும் பல்பு பிரகாசமாக எரிந்தால் கோளாறு டிரான்ஸ்ஃபார்மரிலோ அதற்கு முன்னாலோ. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது என்று உடனே மனம் தளர வேண்டாம். மெயின்ஸ் குறுக்கே இருக்கும் வேரிஸ்டரின் (வோல்டேஜ் எகிறலை உள்வாங்கும் பாகம்) ஒரு காலை வெட்டிவிட்டுப் பாருங்கள், லைனில் ஒரு முறை வோல்டேஜ் எகிறினாலே அது ஷார்ட் ஆகிவிடும். ஃபேன் மோட்டாரையும், லைன் ஃபில்டர் கெப்பாசிட்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். தனி ஃபிலமெண்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதையும். இவை எல்லாம் விலகிய பிறகும் பல்பு எரிந்தால்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் குற்றம் சொல்லலாம்.

செகண்டரியைக் கழற்றியதும் பல்பு மங்கினால் ரெக்டிஃபயர், கெப்பாசிட்டர், ஹை வோல்டேஜ் லைன் இந்த மூன்றில் ஒன்று. டயோடு வரிசையை முனைக்கு முனை அளந்து பயனில்லை, மல்டிமீட்டரின் டயோடு சோதனை வோல்டேஜ் ஐந்தாறு டயோடுகளைத் தாண்டாது. ஒவ்வொரு டயோடாக வையுங்கள், ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும். இரு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட். ஒரு டயோடு போயிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுங்கள், மிச்சம் இருந்தவை அதுவரை கூடுதல் வோல்டேஜைத் தாங்கியவை, அவற்றை நான் நம்பமாட்டேன். 1000 வோல்ட், 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 இதற்கு நல்ல தேர்வு.

டயோடுகள் சரி என்றால் ஹை வோல்டேஜ் லைனிலிருந்து சேசிஸுக்கு ஓம் பாருங்கள். ப்ளீடர்களின் மொத்த மதிப்பை நோக்கி மெதுவாக ஏறிக் காட்டினால் நல்லது. சில ஓம்களே காட்டினால் பிளேட் சோக்கின் (டியூபின் பிளேட்டுக்கு ஹை வோல்டேஜ் கொண்டுபோகும் சுருள்) அடியில் இருக்கும் பைபாஸ் கெப்பாசிட்டரை முதலில் கழற்றிப் பாருங்கள். அடுத்த சந்தேகம் பிளேட்டுக்கும் டேங்க் காயிலுக்கும் (அலைவரிசைக்கு ட்யூன் செய்யும் அவுட்புட் சுருள்) இடையிலுள்ள ப்ளாக்கிங் கெப்பாசிட்டர். அது ஷார்ட் ஆனால் 3000 வோல்ட் டிசி நேராக ஆன்டெனாவுக்கே போகும். அப்படிப் போகாமல் தடுக்கத்தான் அவுட்புட்டில் ஒரு ஆர்எஃப் சோக் (டிசியை விட்டு ரேடியோ சிக்னலைத் தடுக்கும் சுருள்) சேசிஸுக்குப் போட்டிருப்பார்கள், அது டிசியைத் தரைக்கு இழுத்து ஃப்யூஸைப் போக வைக்கும். சோக் தன் வேலையைத்தான் செய்கிறது, அதைக் கழற்றிவிட்டு ஆம்ப் ஓடுகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

மல்டிமீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். அதில் நல்லதாகத் தெரியும் கெப்பாசிட்டர் 3000 வோல்ட்டில் உடைந்து ஷார்ட் ஆகலாம். ஓம் மீட்டரில் எல்லாம் சரி, பல்பு மட்டும் எரிகிறது என்றால் பாகங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. மூடியைத் திறந்து வைத்து, இன்டர்லாக் சுவிட்சை (மூடி திறந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது) குச்சி வைத்து அழுத்திக்கொண்டு ஆன் செய்தீர்களா? சில ஆம்ப்களில் மூடியைத் தூக்கினாலே ஒரு உலோகப் பட்டை ஹை வோல்டேஜை சேசிஸோடு ஷார்ட் செய்யும்படி வைத்திருப்பார்கள். அந்த நிலையில் ஆன் செய்தால் ஃப்யூஸ் போகத்தான் செய்யும்.

கேள்வி: ஃப்யூஸ் போகவில்லை, மீட்டர் ஓரளவு சரியான ஹை வோல்டேஜ் காட்டுகிறது. ஆனால் டிரான்ஸ்மிட் செய்தால் சட்டென்று இறங்குகிறது, கருகிய வாசனையும் வருகிறது.

ஸ்டெப் ஸ்டார்ட் ரிலே, அதாவது மின்சாரத்தை இரண்டு படியாக உள்ளே விடும் ரிலே, தன் வேலையைச் செய்யவில்லை. காலியான கெப்பாசிட்டர்களும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் சேர்ந்து முதல் கணத்தில் பெரிய கரன்ட்டை இழுக்கும், அதைக் கட்டுப்படுத்த மெயின்ஸில் ஒரு ரெசிஸ்டர் தொடராக இருக்கும். 240 வோல்ட்டின் உச்சம் 339 வோல்ட், 25 ஓம் ரெசிஸ்டர் என்றால் 13.6 ஆம்பியருக்கு மேல் போகாது. ஓரிரு நொடியில் ரிலே சேர்ந்து ரெசிஸ்டரை ஓரம் கட்டிவிட வேண்டும். உங்கள் ஆம்ப்பில் ரிலேயின் காயில் இழுத்தாலும் கான்டாக்ட் கருகிச் சேராமல் இருக்கிறது, அல்லது ரிலே இழுக்கவே இல்லை. ஸ்டாண்ட்பையில் (டிரான்ஸ்மிட் செய்யாமல் காத்திருக்கும்போது) கரன்ட் குறைவு என்பதால் தெரியாது, டிரான்ஸ்மிட் செய்யும்போது முழு கரன்ட்டும் அந்த ரெசிஸ்டர் வழியாக ஓடி அதை வறுக்கிறது.

மின்சாரம் இல்லாதபோது ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டர் கிளிப்புகளை மாட்டி, கையை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஓரிரு நொடிக்குப் பிறகு அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் வோல்ட் இருக்க வேண்டும்.

ரெசிஸ்டர் முழுக்க எரிந்து ஓப்பன் ஆகிவிட்டால், ரிலேயின் சப்ளையும் அதற்குப் பின்னால் இருந்து வரும் ஆம்ப்களில் எந்த விளக்கும் எரியாது, ஃப்யூஸ் மட்டும் நன்றாக இருக்கும். "ஃப்யூஸ் சரி, ஆம்ப் செத்துக் கிடக்கிறது" என்று எழுதிய இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில். புது ரெசிஸ்டர் போட்டு அதுவும் எரிந்தால் மேலே சொன்ன ஷார்ட் தேடலைச் செய்யுங்கள், பின்னால் ஷார்ட் இருந்தால் வோல்டேஜ் ஏறாது, வோல்டேஜ் ஏறாவிட்டால் ரிலே சேராது. ரெசிஸ்டருக்குப் பதில் தெர்மிஸ்டர் (சூடானால் தடை குறையும் பாகம்) இருக்கும் ஆம்ப் என்றால், ஆஃப் செய்த உடனே திரும்ப ஆன் செய்யாதீர்கள், சூடாக இருக்கும் தெர்மிஸ்டர் எதையும் கட்டுப்படுத்தாது.

கேள்வி: செராமிக் டியூப் ஆம்ப். வெயிட் ('காத்திரு') விளக்கு அணைவதே இல்லை. டைமரை பைபாஸ் செய்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 8877, 3சிஎக்ஸ்800ஏ7 போன்ற டியூப்களின் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் பகுதி) மறைமுகமாகச் சூடேறுபவை, அவற்றுக்கு மூன்று நிமிடம் தேவை. ஜியூ-74பி-க்கு இரண்டரை நிமிடம். குளிர்ந்த கேத்தோடிலிருந்து கரன்ட் இழுத்தால் அதன் மேல்பூச்சு பாழாகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூன்று நிமிடம் தாண்டியும் விளக்கு அணையாமல் இருந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். பல ஆம்ப்களில் காற்று ஓட்டத்தைக் கவனிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும், ஃபில்டரில் தூசி அடைத்தாலோ ஃபேன் தளர்ந்தாலோ அது அனுமதி தராது. காற்று நன்றாக வருகிறதென்றால் டைமர் போர்டில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். வயதானால் அது கசியும், கசிந்தால் டைமர் எதிர்பார்க்கும் வோல்டேஜுக்கு ஏறாமலேயே பாதியில் நின்றுவிடும். சின்ன பாகம், பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஹீட்டர் வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மரில் அளக்காமல் டியூப் சாக்கெட்டின் பின்னிலேயே அளந்து பாருங்கள், ஹை வோல்டேஜ் செகண்டரியைக் கழற்றிய பிறகு. இரண்டாவது கேள்வியின் 3-500இசட் ஜோடிக்கும் இது பொருந்தும். அங்கே 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு டியூபுக்கும் சேர்த்து 29 ஆம்பியர் ஓடுகிறது, வழியில் 0.02 ஓம் தளர்வு இருந்தாலே 0.58 வோல்ட் அங்கேயே போய்விடும். காற்று போதாமல் ஓடிய 3-500இசட்டில் ஃபிலமெண்ட் பின்னுக்குள் இருக்கும் சோல்டர் உருகிவிடுவதும் உண்டு. டியூப் செத்துவிட்டது என்று ஒதுக்கும் முன் அந்தப் பின்களில் மறுபடி சோல்டர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பல வருடம் ஓடாமல் கிடந்த ஆம்ப்பை வாங்கியிருக்கிறேன். அப்படியே ஆன் செய்யலாமா?

முதலில் டியூபைக் கழற்றி வைத்துவிட்டு, வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மூலம் வோல்டேஜைச் சில மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல ஏற்றுங்கள். நெடுநாள் சும்மா இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஆக்ஸைடு படலம் திரும்ப உருவாக அந்த நேரம் வேண்டும். ஏதாவது கெப்பாசிட்டர் சூடாகிறதா என்று ஆஃப் செய்து, வடித்த பிறகு தொட்டுப் பாருங்கள்.

டியூபுக்குள் வாயு கசிந்திருந்தால் ஹை வோல்டேஜ் வந்ததும் 'டம்' என்று ஆர்க் அடிக்கும். மறைமுகச் சூடேற்றும் செராமிக் டியூப் என்றால் ஹை வோல்டேஜ் இல்லாமல், ஃபேனை ஓட விட்டு, ஹீட்டரை மட்டும் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை போட்டு வைப்பது பலன் தரும். 3-500இசட்டுக்கு இது அவ்வளவாக உதவாது. அதில் வாயுவை உறிஞ்சும் பூச்சு ஆனோடில் இருக்கிறது, ஆனோடு செம்மை ஏறிச் சூடானால்தான் அது வேலை செய்யும்.

ஹை வோல்டேஜ் லைனில் 10 முதல் 50 ஓம் வரை ஒரு வயர்வவுண்ட் ரெசிஸ்டர் தொடராக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போட்டுவிடுங்கள். 3000 வோல்ட்டில் ஆர்க் அடித்தால் 50 ஓம் அதை 60 ஆம்பியரில் நிறுத்தும். அது இல்லாவிட்டால் கிரிட், பயாஸ் ஜீனர், மீட்டர் எல்லாம் ஒரே அடியில் போகும்.

கேள்வி: 120 வோல்ட் நாட்டிலிருந்து வந்த ஆம்ப்பை 240 வோல்ட்டில் போடலாமா?

பிரைமரியில் இரண்டு சுருள்கள் இருந்தால் போடலாம். 120-க்கு இரண்டும் இணையாக இருக்கும், 240-க்கு அவற்றைத் தொடராக மாற்றிக் கட்ட வேண்டும். கட்டாமல் செருகினால் ஃபிலமெண்ட் உட்பட எல்லாமே இரு மடங்கு வோல்டேஜ் வாங்கும். 120 வோல்ட் ஃபேன் ஒரு பாதிச் சுருளின் குறுக்கே வரும்படி இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், ஆன் செய்யும்போது இழுக்கும் கரன்ட்டும் கூடும்.

கேள்வி: எல்டிமாஸ் (டிரான்சிஸ்டர் வகை) ஆம்ப். ஆன் செய்தால் விளக்கு எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து கொண்டே இருக்கிறது.

ஸ்விட்சிங் பவர் சப்ளை கிளம்ப முயன்று, ஓவர்லோடு என்று நின்று, திரும்ப முயல்கிறது. 50 வோல்ட் வயரை ஆர்எஃப் போர்டிலிருந்து கழற்றுங்கள். சப்ளை தனியாக நிலையாக நின்றால் கோளாறு போர்டில் இருக்கிறது. பிஎல்எஃப்188எக்ஸ்ஆர் போன்ற டிரான்சிஸ்டரில் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே டயோடு சோதனை வையுங்கள், ஒரு பக்கம் சுமார் அரை வோல்ட் காட்டி மறுபக்கம் ஓப்பனாக இருக்க வேண்டும். இரு பக்கமும் பூஜ்யம் என்றால் டிரான்சிஸ்டர் போய்விட்டது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே சில ஓம்களே இருந்தாலும் அதே முடிவுதான்.

டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தும் சப்ளை துடித்தால், போர்டின் 50 வோல்ட் லைனில் யாராவது பெரிய கெப்பாசிட்டர்களைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அவற்றை ஏற்றுவதற்கே சப்ளையின் கரன்ட் வரம்பு போதாமல் போகலாம். இன்னொன்று, மேலே சொன்ன பல்பு முறையை இங்கே செய்யாதீர்கள். பல்பு தொடரில் இருந்தால் நல்ல ஸ்விட்சிங் சப்ளைகூடக் கிளம்ப முடியாமல் இதே மாதிரி துடிக்கும், நீங்கள் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். 50 வோல்ட்தானே என்று அந்த சப்ளையைத் திறந்துவிடவும் வேண்டாம், உள்ளே மெயின்ஸ் பக்கக் கெப்பாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் டிசி நிற்கும்.

கேள்வி: டியூப் ஆம்ப். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதே பிளேட் கரன்ட் மீட்டர் வலது கோடிக்குப் போய்விடுகிறது.

உடனே ஆஃப் செய்யுங்கள். கிரிட்டும் (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் வலை) ஃபிலமெண்ட்டும் டியூபுக்குள் தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது கட்ஆஃப் பயாஸ் (ஸ்டாண்ட்பையில் டியூபின் கரன்ட்டை நிறுத்தி வைக்கும் வோல்டேஜ்) இல்லாமல் போயிருக்கலாம். டியூபைக் கழற்றி இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள், முழு ஓப்பனாக இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஓப்பன், சூடானதும் ஷார்ட் என்ற வகையும் உண்டு. அதைப் பிடிக்க ஹை வோல்டேஜ் செகண்டரியைக் கழற்றி, ஃபிலமெண்ட்டை மட்டும் சில நிமிடம் ஓட விட்டு, பிளக்கைப் பிடுங்கிய கையோடு சாக்கெட்டில் அளக்க வேண்டும். டியூப் இரண்டு நிலையிலும் சரி என்றால் ஸ்டாண்ட்பை பயாஸ் தரும் ரெசிஸ்டரையும் ரிலே கான்டாக்ட்டையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்து முள் மட்டும் ஓடினால் மீட்டர் ஷன்ட் ரெசிஸ்டர் (கரன்ட்டின் பெரும்பகுதியை மீட்டருக்கு வெளியே ஓட விடுவது) ஓப்பன் ஆகியிருக்கும். அப்போது மீட்டர் வயர்களிலேயே ஆபத்தான வோல்டேஜ் வரலாம், எனவே முன்பக்கப் பேனலைக் கழற்றும் முன்பும் எர்த் கொக்கி மாட்டியிருக்க வேண்டும்.